விளக்குமாறை இறுக்கிக் கட்டத் தெரிந்தவர்கள்

எங்கள் வீட்டில் கைக்கடக்கமான வாக்குவம் கிளீனர் ஒன்று இருக்கிறது. வயர் இல்லாதது. சோஃபா இடுக்கு, மெத்தை, ஜன்னல் சட்டத்தின் பள்ளம், கார் இருக்கை என்று விளக்குமாறு நுழையாத இடங்களுக்காக வாங்கியது. வாங்கிய புதிதில் ஒருமுறை சார்ஜ் செய்தால் பதினைந்து நிமிடம் ஓடியது. மூன்றாம் ஆண்டில் அது ஆறு நிமிடமானது. பிறகு ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் உறுமுவதும் நிற்பதும் மறுபடி உறுமுவதுமாக இருந்தது. அன்று வீட்டில் முதலில் எழுந்த கேள்வி “இதுக்கு என்ன ஆச்சு?” என்பதல்ல. “யார் கெடுத்தது?” என்பதுதான்.

அதற்குப் பதிலும் தயாராக இருந்தது. “அவதான் எந்நேரமும் சார்ஜ்லயே மாட்டி வெக்கிறா” என்றார் அம்மா. ‘அவ’ என்பது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. நானும் கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன். “அக்கா, எங்கயாவது கீழ போட்டுட்டீங்களா?” அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இல்லம்மா. நீங்க சொன்ன மாதிரிதான் எடுப்பேன், தொடச்சு மாட்டிடுவேன்.” பணிவாகக் கேட்டால் குற்றச்சாட்டு குற்றச்சாட்டாக இல்லாமல் போய்விடும் என்று நம்மைப் போன்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். கேட்கப்படுகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

அன்று இரவு அந்த இயந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கதை, கவிதை, சினிமா எல்லாவற்றையும் பெண்ணியப் பார்வையில் விமர்சிக்கிறோம். நம் கையில் தினமும் இருக்கும் பொருளோடு வரும் இந்தச் சின்னப் புத்தகத்தை யாரும் ஒரு பிரதியாக எடுத்துப் படிப்பதில்லை. பெண்களை நோக்கி எழுதப்பட்டு, பெண்களிடம் மிக அதிகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும் எழுத்துகளில் வீட்டுச் சாதனக் கையேடும் ஒன்று. அது நம்மை யாரென்று நினைத்துப் பேசுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

கையேட்டில் பல மொழிகள் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் பெரும்பகுதி படங்கள்தான் என்பதால் அது பெரிய தடையாக இல்லை. குப்பைக் குடுவையை எப்படித் திறப்பது, ஃபில்டரை எப்படிக் கழற்றிக் கழுவுவது, எப்படி உலர்த்துவது, சுவரில் எப்படி மாட்டுவது என்று வரிசையாகப் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரு கை மட்டும் வருகிறது. மெலிந்த விரல்கள், சீராக வெட்டிய நகங்கள். முகமில்லாத அந்தக் கை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கைக்குச் சுத்தம் செய்யச் சொல்லித்தருகிறார்கள், சுத்தம் செய்யும் கருவியையும் சுத்தம் செய்யச் சொல்லித்தருகிறார்கள்.

பயன்படுத்தாத நேரத்தில் இயந்திரத்தைச் சார்ஜரிலேயே மாட்டி வைக்கலாம் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அக்கா செய்தது கையேடு சொன்னதைத்தான். அதை அவர் படித்திருக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுச் செய்தார். நானும் அதைப் படிக்காமல்தான் சொன்னேன்.

பேட்டரியைப் பற்றி ஒரே ஒரு வரி. பயன்படுத்துபவர் பழுதுபார்க்கக்கூடிய பாகம் எதுவும் உள்ளே இல்லை, திறக்காதீர்கள், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகுங்கள். சரி என்று அணுகினோம். அந்த மாடல் நின்றுவிட்டது, உதிரி பேட்டரி கிடையாது, பழையதைக் கொடுத்துவிட்டுத் தள்ளுபடியில் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

பிறகு கையேட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். ‘பேட்டரியை அகற்றுதல்’ என்று ஒரு தலைப்பு. கீழே வரிசையாகப் படங்கள். இந்த இடத்தில் இருக்கும் திருகாணிகளை எடுங்கள், உறையை இரண்டாகப் பிரியுங்கள், இந்த இணைப்பைக் கழற்றுங்கள், பேட்டரியை வெளியே எடுங்கள். எல்லாம் தெளிவாக, அம்புக்குறியோடு இருந்தது. மேலே ஓர் எச்சரிக்கை: இயந்திரத்தைத் தூக்கி எறியும்போது மட்டும் இதைச் செய்யவும்.

அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். திறக்கவே முடியாது என்றார்கள், திறப்பதற்கான படம் இருக்கிறது. உள்ளே நமக்கான பாகம் எதுவும் இல்லை என்றார்கள், அந்தப் பாகத்தைக் கையால் கழற்றி எடுப்பதற்கான வழியும் அதே புத்தகத்தில் இருக்கிறது. இயந்திரம் உயிரோடு இருக்கும்வரை நமக்கு மறுக்கப்படும் அறிவு, அது செத்த பிறகு நம் கடமையாகிவிடுகிறது. ஈமச்சடங்கு செய்ய மட்டும் நமக்கு உரிமை உண்டு.

இந்தப் பக்கம் தற்செயலாக வந்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த பேட்டரி ஆணை, பேட்டரி உள்ளடங்கிய சாதனங்களோடு அதைப் பாதுகாப்பாக அகற்றும் வழிமுறையும் தரப்பட வேண்டும் என்றது. குப்பையில் போகும் பேட்டரியைத் தனியே பிரித்தெடுப்பதற்காக வந்த விதி அது. பல நாடுகளுக்கும் பொதுவாக அச்சிடப்படும் கையேடுகளில் அந்தப் பக்கம் நம் ஊருக்கும் வந்து சேர்கிறது. சட்டம் கேட்டதால் நிறுவனங்கள் எழுதின. சட்டம் குப்பையை நினைத்துக் கேட்டது, அந்தக் கருவியைக் கையில் பிடித்திருப்பவரை நினைத்துக் கேட்கவில்லை.

நம் ஊரிலும் அதே கதைதான். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், காலாவதியான பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. நல்ல விதிதான். அதுவும் ‘கழிவு’ என்ற சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் தங்கள் பொருட்களின் பழுது, உதிரிபாகம், வாரண்டி பற்றிய விவரங்களை ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது நோக்கம். உரிமை என்ற சொல் தலைப்பில் வந்துவிட்டது. உறைக்குள் வருவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

உறைக்குள் என்னதான் இருக்கிறது? என் இயந்திரத்தில் இருந்தவை மூன்று லித்தியம் அயனி செல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அந்த வகைச் செல்லுக்கு 18650 என்று பெயர். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்றால் மூன்றையும் தொடராக இணைக்க 10.8 வோல்ட். அவற்றோடு ஒரு சின்னப் பாதுகாப்புப் பலகை. எந்த ஒரு செல்லும் அளவுக்கு மீறி வடிந்தாலோ சூடானாலோ அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உறுமி நின்று உறுமி நின்றதன் பொருள் இதுதான்: வயதான செல் மோட்டார் கேட்கும் விசையைத் தர முடியாமல் தளர்கிறது, பலகை துண்டிக்கிறது, மோட்டார் நின்றதும் செல் கொஞ்சம் மீள்கிறது, மறுபடி தொடங்குகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் சில இயந்திரங்கள் இப்படித்தான் செய்யும். அதனால் முதலில் ஃபில்டரைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவைத்துப் பார்த்தேன். உறுமல் நிற்கவில்லை. பேட்டரிதான்.

லித்தியம் செல் ஏன் மூப்படைகிறது? ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் லித்தியம் அயனிகளில் மிகச் சிறு பங்கு, உள்ளே இருக்கும் கிராஃபைட்டின் மேல் ஒரு படலமாகப் படிந்து சிக்கிக்கொள்கிறது. அது திரும்பி வராது. முன்னூறு முதல் ஐந்நூறு சுற்றுகளில் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். சும்மா வைத்திருந்தாலும் குறையும். முழுச் சார்ஜிலும் சூட்டிலும் வைத்திருந்தால் வேகமாகக் குறையும். சென்னையில் மே மாதத்தில், மேற்குச் சுவரில், முழுச் சார்ஜில் மூன்று கோடைகள் தொங்கிய பேட்டரி அது. அதைக் கெடுத்தது வேதியியலும் வெயிலும். அக்காவின் கையில் எதுவும் இல்லை.

இந்த ஒரு பத்தி அளவு விஷயம் எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. மூடிய உறை நிறுவனத்தின் லாபத்தை மட்டும் காப்பதில்லை. உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாத ஒரு பொருள் நின்றுபோனால், பழி வீட்டில் யார் கடைசியில் இருக்கிறார்களோ அவர்மேல் போய் விழுகிறது. நம் வீடுகளில் மிக்ஸி எரிந்தால், கிரைண்டர் நின்றால், வாஷிங் மெஷின் கசிந்தால் மருமகளையும் வேலை செய்யும் பெண்ணையும்தான் முதலில் பார்க்கிறோம். ‘கை ராசி இல்லை’ என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். இயந்திரத்தின் ஆயுளை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அந்தக் கண்களில் படுவதே இல்லை.

கையேட்டை விட்டு இயந்திரத்தின் வடிவத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1979இல் ‘டஸ்ட்பஸ்டர்’ என்ற கைவாக்குவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். துளையிடும் கருவிகள் செய்து பெயரெடுத்த நிறுவனம் அது. வயரில்லாத டிரில்லை 1961லேயே விற்கத் தொடங்கி, அப்போலோ திட்டத்துக்காக நிலவில் துளையிடும் கருவியையும் உருவாக்கியது. டிரில்லும் கைவாக்குவமும் ஒரே பட்டறையில் பிறந்த அண்ணன் தங்கை என்று சொல்லலாம். இரண்டிலும் ஒரு மோட்டார், ஒரு விசை, ஒரு பேட்டரி.

இன்று ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் வயரில்லா டிரில்லைக் கேட்டுப் பாருங்கள். பேட்டரி கைப்பிடியின் அடியில் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்று வரும். பல பெட்டிகளில் இரண்டு பேட்டரிகளே வைத்திருப்பார்கள், ஒன்று ஓடும்போது மற்றொன்று சார்ஜ் ஆகட்டும் என்று. அதே பேட்டரியை அதே நிறுவனத்தின் ரம்பத்திலும் மாட்டலாம். பேட்டரி போனால் பேட்டரி மட்டும் வாங்கலாம். டிரில்லை வாங்குபவர் வேலைக்காரர், அவர் வேலை நடுவில் நிற்கக் கூடாது என்று வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் வீட்டுச் சாதனக் கடையில் இருக்கும் விலை மலிவான கைவாக்குவத்தைப் பாருங்கள். அநேகமாக அதே வகைச் செல்தான் உள்ளே இருக்கும். ஆனால் மூடியிருக்கும். அது நடுவில் நின்றால் யாருடைய வேலையும் நிற்பதாக யாரும் நினைப்பதில்லை. அங்கே நடப்பதை வேலை என்றே எண்ணாதபோது, அது தடைபடுவதும் கணக்கில் வராது.

நிறுவனங்கள் தரப்பில் காரணங்கள் உண்டு. கழற்றும் வசதி வைத்தால் எடை கூடும், விலை கூடும், தூசி உள்ளே போகும், லித்தியத்தோடு விளையாடுவது ஆபத்து என்பார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டிரில் தூசியில்தான் வேலை செய்கிறது. ஏணியிலிருந்து விழுகிறது. அதிலும் லித்தியம்தான். அங்கே தீர்க்கப்பட்ட சிக்கல் இங்கே தீர்க்க முடியாததாக இருக்க முடியாது. விலை உயர்ந்த, நீண்ட குழாய் வைத்த வாக்குவம்களில் இப்போது பொத்தானை அழுத்திக் கழற்றும் பேட்டரி வந்துவிட்டதே இதற்குச் சாட்சி. முடியும். யாருக்காகச் செய்வது என்பதுதான் கேள்வி.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூல் வீட்டுச் சாதனங்களைப் பற்றிப் பேசும் எவரும் கடந்து போக முடியாத நூல். வேலையைக் குறைக்க வந்த சாதனங்கள் ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்துவந்த பங்கைத்தான் குறைத்தன, சுத்தத்தின் அளவுகோலை உயர்த்தி, மிச்ச வேலை முழுவதையும் தாயின் தலையில் வைத்தன என்பது அவருடைய வாதம். மாணவிகள் கட்டாயம் படிக்க வேண்டும். படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோவன் பேசும் அமெரிக்க நடுத்தர வர்க்க வீட்டிலிருந்து வேலையாட்கள் மறைந்துபோனார்கள். நம் வீட்டில் மறையவில்லை. இங்கே வாக்குவம் கிளீனர் வந்த பிறகும் அதைப் பிடிக்கும் கை பெரும்பாலும் இன்னொரு பெண்ணுடைய கை. ஆகவே நம் ஊரில் இந்தச் சாதனம் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்கிறது. ஒருத்தி அதன் சொந்தக்காரி, ஒருத்தி அதன் பயனாளி. இருவருக்குமே அதைத் திறக்க அனுமதி இல்லை. ஆனால் பழியைச் சுமப்பது ஒருத்தி மட்டும்தான்.

எத்தனை சாதனங்கள் வந்தும் நேரம் மிச்சமாகவில்லை என்பதற்கு நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. சமைத்து, துவைத்து, பெருக்கியது போதாதென்று இனி ஸ்க்ரூடிரைவரும் நம் கையிலா? நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள், பழுது ஏற்கெனவே நம் தலையில்தான் இருக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்து காத்திருப்பது, சர்வீஸ் ஆள் வரும் நாளில் விடுப்பு எடுப்பது, பில்லைத் தேடுவது, பழையதைக் கட்டி லாஃப்டில் போடுவது எல்லாம் யார் செய்கிறோம்? பழுதின் அலைச்சல் நமக்கு, அறிவு வேறு யாருக்கோ. ஆண் ஸ்க்ரூடிரைவர் எடுத்தால் அது திறமை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசலாம். பெண் குக்கர் கேஸ்கெட்டை மாற்றினால், அடுப்பு பர்னரைக் குத்திச் சுத்தம் செய்தால், மிக்ஸி ஜாரின் வாஷரை மாற்றினால் அதற்குப் பெயரே இல்லை. இவையும் பழுதுபார்ப்புதான்.

விளக்குமாறையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகள் தளர்ந்தால் அடியைத் தரையில் தட்டி இறுக்குவது, கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவது, தேய்ந்ததைத் திண்ணைக்கும் பிறகு கொல்லைக்கும் மாற்றுவது என்று ஒரு கருவியின் முழு ஆயுளையும் நிர்வகிக்கத் தெரிந்தவர்கள் நம் பாட்டிமார்கள். எங்கள் வீட்டு அக்காவும் அதில் கைதேர்ந்தவர். திறக்கப் பயப்படுபவர்கள் என்று கையேடு நினைக்கும் பெண்கள் இவர்கள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் திறந்தேன். மூன்று திருகாணிகள், ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது. நம் ஊரில் ஸ்டார் என்று சொல்லும் கூட்டல்குறித் தலை இல்லை, ஆறு முனை கொண்ட டார்க்ஸ் வகை. அதற்கான முனை வாங்க ஒரு நாள் போயிற்று. உள்ளே பேட்டரி பேக் ஒரு சின்னப் பிளக்கில் மாட்டியிருந்தது. பிரிப்பதற்குமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பேக்கின் மேல் இருந்த வோல்ட், செல் வகை, பிளக்கின் வடிவம் மூன்றும் பொருந்த வேண்டும். இவற்றில் எது மாறினாலும் வாங்கக் கூடாது. ரிச்சி தெருவில் விசாரித்து, பாதுகாப்புப் பலகையோடு கட்டிய பேக்காகவே வாங்கினேன். பேக்கை மாற்றுவது வேறு, பேக்குக்குள் இருக்கும் செல்லை மாற்றுவது வேறு. செல்லோடு நிக்கல் பட்டையை இணைக்க ஸ்பாட் வெல்டிங் வேண்டும். நேரடியாக ஈயம் உருக்கிப் பற்றவைத்தால் சூட்டில் செல் கெடும், பற்றியும் எரியலாம். பழைய செல்லோடு புதியதைச் சேர்க்கவும் கூடாது. அதைத் தெரிந்தவர்களிடம் விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. உப்பிய பேட்டரியைத் தொடாமல் இருப்பதும் அறிவுதான். பழைய பேக்கின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன்.

நான் கேட்பது ஒவ்வொரு பெண்ணும் இதைச் செய்ய வேண்டும் என்பதல்ல. டார்க்ஸ் முனையும் ஒரு விடுமுறை நாளும் ரிச்சி தெருவுக்கு ஆட்டோக் காசும் எல்லோருக்கும் வாய்க்காது. கேட்க வேண்டியது பொருளிடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, சாதனங்களில் வரும் சிறு பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே எளிதாகக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. அந்த மாடலின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும் என்கிறது. பிரான்ஸில் பழுதுபார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று பொருளின் மேலேயே மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. 2022 நவம்பரில் வாக்குவம் கிளீனர்களும் அதில் சேர்ந்தன. இதே நிறுவனங்கள்தான் அங்கும் விற்கின்றன. கடையில் நாம் விலையையும் நிறத்தையும் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம்: பேட்டரி கழன்று வருமா, தனியாகக் கிடைக்குமா?

திங்கட்கிழமை அக்கா வந்ததும் இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்டினேன். உள்ளே என்ன ஆகியிருந்தது என்று சொன்னேன், அன்று அப்படிக் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். “விடும்மா” என்றார். விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு பழைய உறையின் மூன்று ஓட்டைகளையும் தடவிப் பார்த்து, “மூணு ஸ்க்ரூதானா?” என்று கேட்டார்.

புதிய பேக்கை மூடுவதற்குமுன் அதன் மேல் மார்க்கரால் மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைத்தேன். உறையின் வெளியிலும் எழுதினேன். இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் இதுவும் உறுமி நிற்கும். அப்போது வீட்டில் யாராக இருந்தாலும் முதலில் அந்தத் தேதியைப் பார்க்கட்டும். இப்போது சார்ஜர் கிழக்குச் சுவரில் இருக்கிறது.